ஒப்பு மண்

எங்கள் களக் கையேட்டின் நான்காம் பக்கத்தில், துளை போடும் இடத்துக்குப் பத்து மீட்டருக்குள் கொண்டுவரக் கூடாத பொருள்கள் என்று பதினைந்தை வரிசையாகப் போட்டிருப்பார்கள். சவரத்துக்குப் பின் பூசும் லோஷன், வெயிலுக்குப் பூசும் கிரீம், நாய்க்குத் தடவும் உண்ணி மருந்து, சாலையில் பனி உருக்கும் திரவம் என்று அது போகும். கையேடு ஏதோ ஒரு குளிர் தேசத்தில் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவர் நேர்மையானவர், பனியைக்கூட விடவில்லை. பனி உருக்கும் திரவத்தோடு யாராவது வந்தால் தடுத்து நிறுத்த நான் இருபத்திரண்டு வருஷமாகத் தயாராக இருந்தேன். ஒருவரும் வரவில்லை.

மேட்டுக்காட்டுப்புதூரில் வந்தது கற்பூரம். அது பட்டியலில் இல்லை.

என் பெயர் ஹெலன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. மண் தீர்ப்பு ஆணையத்தில் கள அலுவலர். அலுவலர் என்று சொல்வது மரியாதைக்கு. மண்ணை எடுத்து இயந்திரத்தின் வாயில் கொடுப்பதும், எடுத்த கையைக் கழுவுவதும்தான் என் வேலை.

துளை போடும் ரிக் வண்டி ஊருக்குள் நுழைந்து நின்றதும், பூவாத்தா அக்கா கிணற்றில் ஒரு சொம்புத் தண்ணீர் சேந்தி என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஐம்பது வயதிருக்கும். அந்த வீதியின் அறுபத்திரண்டு வீட்டுக்கும் தண்ணீர் லாரி வரும்போது குடங்களை வரிசையில் நிறுத்துவதும், வரிசை தாண்டுகிறவர்களைத் திட்டுவதும் அவர் பொறுப்பு.

"மோந்து பாருங்க மேடம்."

மோந்தேன். நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாசம். கண் லேசாக எரிந்தது.

"பெயிண்ட்டக் கரைக்கிற மருந்து செஞ்ச கம்பெனிங்க. மூடிப் பதினோரு வருசமாச்சு. ஆளுகளத்தான் வேலைய உட்டு நிறுத்துனாங்க. வாசம் இன்னும் வேலைக்கு வந்துட்டுத்தான் இருக்குது."

"இதக் குடிக்கிறீங்களா அக்கா?"

"லாரி உடற வரைக்கும் குடிச்சமுங்க. இப்ப ஒரு வருசமா லாரித் தண்ணி. அதுவும் தற்காலிகமாம். நீங்க மண்ணு சுத்தம்னு சொல்லிப் போட்டுப் போயிட்டீங்கன்னா நாளைக்கே நிறுத்திப் போடுவாங்க. அப்பறம் இந்தக் கெணறுதான்."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அக்கா. இதுதான் சொல்லும்."

முகர்வியைக் காட்டினேன். ஒரு சம்படம் அளவுக்கு இருக்கும் எஃகுப் பெட்டி. முன்னால் ஒரு சின்னக் குழல். பூவாத்தா அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது எப்பிடிங்க கண்டுபிடிக்கும்?"

"ஒரு மீட்டர் ஆழத்துல இருந்து மண்ண எடுத்து, கவர்ல போட்டு மூடி, பத்து நிமிஷம் வெயில்ல வைப்போம். சூடு ஏறினா மண்ணுக்குள்ள இருக்கிற வாசமெல்லாம் மேல வந்துரும். இது மோந்து பார்த்து ஒரு எண் சொல்லும். என்ன வாசம்னு பார்க்காது. எவ்வளவு வாசம்னு மட்டும் பார்க்கும்."

"எண்ணு பெருசா இருந்தா அழுக்குன்னு அர்த்தமுங்களா?"

"எந்த ஊர் மண்ணுக்கும் சொந்தமா ஒரு வாசம் இருக்கும்லா? அதனால யாரும் எதுவும் கொட்டாத ஒரு நல்ல இடத்துல முதத் துளை போடுவோம். அதுக்கு ஒப்பு மண்ணுன்னு பேரு. உங்க வீதி மண்ணு அதுக்கு மூணு மடங்குக்கு மேல போச்சுன்னா சிவப்பு. இல்லன்னா பச்சை."

"செவப்புன்னா?"

"கெடுத்தது யாரோ அவங்க உங்க எல்லாருக்கும் வேற இடத்துல நல்ல நிலமும் தண்ணியும் குடுத்தாகணும். பச்சைன்னா ஃபைல மூடிருவாங்க. மூடினா மூடினதுதான்."

"நடுவுல மனுசங்க யாருமே இல்லீங்களா?"

"முன்னால இருந்தோம். இருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

பூவாத்தா அக்கா சிரித்துவிட்டார். தெரிந்திருந்தது.

எனக்கு அன்றைக்குக் கவலையே இல்லை. நல்ல மண் என்றால் முகர்வி நாலு, ஐந்து என்று சொல்லும். போன வருஷம் எச்சரிக்கைச் சோதனைக்கு வந்தபோது இந்த வீதி மண் நூற்று நாற்பது காட்டியது. லாரி வந்ததே அதனால்தான். சிவப்பாவதற்குப் பதினைந்தைத் தாண்டினால் போதும். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற கம்பெனி வக்கீலின் முகத்தைப் பார்த்தாலே அவருக்கும் கணக்குத் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது.

ஒப்பு மண்ணுக்கு இடத்தை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. முகர்வியே நூறு வருஷ நிலப் பதிவுகளைப் புரட்டி, தொழில் என்ற பெயரில் ஒரு ஆணிகூட அடிக்கப்படாத இடத்தைச் சொல்லும். அது சொன்னது ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, கருப்பராயன் கோயில் நிலம். பதினோரு ஏக்கர். நடுவில் அரிவாளோடு கருப்பராயன், தலைக்கு மேல் ஒரு வேப்பமரம். மற்றதெல்லாம் வெறும் புல்.

ரிக்கை ஓட்டுகிறவர் செங்கோடன். திருச்செங்கோட்டுக்காரர். அந்த ஊரில் ரிக் வண்டி இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்தக் காலத்து ரிக் தானாகவே வந்து நின்று தானாகவே துளை போடும். ஆனாலும் ராடு இறங்குகிற சத்தத்தைக் கேட்டே கீழே என்ன மண் என்று அவர் சொல்லிவிடுவார். ஒவ்வொரு துளைக்கும் நடுவில் ராடையும் அதன் நுனியில் மண்ணைக் குடையும் பிட்டையும் மூன்று வாளியில் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர். நான் பக்கத்தில் நின்று விரலால் தடவிப் பார்ப்பேன். "என்ற சம்சாரம் கொழந்தையக்கூட இப்பிடிக் கழுவுனதில்லீங்க மேடம்" என்பார். எனக்காகக் களத்துக்கு வரும் நாள்களில் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். பீடியை அடியோடு விட்டார். பூசையை மட்டும் விடவில்லை.

முதல் துளைக்கு முன்னால் ரிக்குக்குப் பூசை போடாமல் திருச்செங்கோட்டுக்காரர்கள் பிட்டை இறக்க மாட்டார்கள். எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம். வழக்கமாக அதை ரோட்டோரத்தில் வண்டியின் மூஞ்சிக்கு நேரே முடித்துக்கொள்வார். நானும் அப்போது இருபதடி தள்ளிப் போய் நிற்பேன். நான் வேதக்காரி. பக்கத்தில் நின்று முறைத்தால் தடுக்கிறேன் என்று தோன்றும், கும்பிட்டால் நடிக்கிறேன் என்று தோன்றும். தள்ளிப் போவதுதான் மரியாதை. அன்றைக்கும் வேப்பமர நிழலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு லேபிள் எழுதினேன். கம்பெனி வக்கீல் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

துளை போட்டோம். மண் எடுத்தோம். வெயிலில் வைத்தோம். முகர்வி மோந்து பார்த்தது.

"ஒப்பு மண். அறுபத்தொன்று. பதிவு செய்யப்பட்டது" என்றது.

நான் எண்ணைத் திரும்பப் படித்தேன். அறுபத்தொன்றுதான். வக்கீல் குடையைச் சுருக்கினார். மூன்று மடங்கு நூற்று எண்பத்து மூன்று. வீதி மண் நூற்று நாற்பது. கணக்கு அவருக்கு என்னைவிட வேகமாக வந்தது. கருப்பராயனைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

யாரோ இங்கேயும் எதையோ கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மிச்ச மண் இருந்த கவரைத் திறந்து, கையேட்டுக்கு விரோதமாக, என் சொந்த மூக்கால் மோந்தேன். மார்கழி மாசத்துக் கோயில் வாசலைக் கடந்து பள்ளிக்கூடம் போன ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, பூசைய எங்க போட்டீங்க?"

செங்கோடன் துளையைக் காட்டினார். "இங்கீங்க. கருப்பராயன் எடத்துலயே நிக்கறம், ரோட்டுல போயி வண்டிக்குப் போட்டா மொறையாகுமுங்களா? துளை போடற எடத்துலயே வெச்சுப் பத்த வெச்சனுங்க."

"எவ்வளவு?"

"நாலு கட்டி சேத்தித்தானுங்க. சாமி எடத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாதில்லீங்க." எரிந்து முடியாத கற்பூரத்தின் மேலேயே பிட்டை இறக்கியிருந்தார். ராடு அதை அரைத்து ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

முகர்வியின் பொத்தானை அழுத்திப் பேசினேன்.

"ஒப்பு மண்ணில் கற்பூரம் கலந்திருக்கிறது. வேறு துளை போட அனுமதி வேண்டும்."

"கற்பூரம் தடைப் பட்டியலில் இல்லை" என்றது முகர்வி. அரசாங்கத் தமிழை அதற்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இல்லை என்பது தெரியும். ஆனால் இந்த எண் தவறு."

"ஒப்பு மண் ஒரு முறை மட்டுமே எடுக்கப்படும். முற்காலத்தில் நிறுவனங்கள் தங்களுக்கு வசதியான எண் கிடைக்கும் வரை ஒப்பு மண்ணைத் திரும்பத் திரும்ப எடுக்கச் செய்தன. அதைத் தடுக்கவே இவ்விதி. தங்கள் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது."

"பதிவு செய்து?"

"ஆட்சேபத்திற்கு விளைவு இல்லை."

அந்த விதியை எழுதச் சொல்லி ஆணையத்துக்குக் கடிதம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. கம்பெனிகளின் வாலை ஒட்ட நறுக்கிவிட்டோம் என்று அப்போது கேக்கெல்லாம் வெட்டினோம்.

செங்கோடன் ராடைக் கழுவாமல் கையில் பிடித்தபடி நின்றார். "அறுவத்திரண்டு குடும்பத்து வாயில நானே மண்ணப் போட்டுட்டனுங்களே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், நாளைக்கு அவிங்க வீதியிலயும் அதே மாதிரி ஒரு பூசை..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பேச்ச இன்னொரு தடவ எடுத்தீங்கன்னா உங்க மேல எழுதி அனுப்பிருவேன்."

எழுதியிருப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மாதிரியில்கூட என் கைரேகை விழுந்ததில்லை. கையுறையைத் துளைக்கு ஒன்று மாற்றுவேன். மறுநாள் களம் இருந்தது என்று எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே மல்லிகைப் பூகூட வைக்காமல் போனவள் நான். அந்தப் பெருமையில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

சாயங்காலம் வீதிக்குப் போய்ப் பூவாத்தா அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. அவர் லாரித் தண்ணீர்க் குடங்களை மூடி வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நாளைக்கு எங்க மண்ணு நூத்தி நாப்பது காட்டுனாலும் பச்சைங்களா?"

"பச்சைதான் அக்கா."

"லாரி நின்னு போயிருமுங்களா?"

"நின்னுரும்."

"திரும்ப எழுதிப் போட முடியாதுங்களா?"

"முடியாது."

அவர் கடைசிக் குடத்தையும் மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் வேறொன்று கேட்டார்.

"அந்தப் பட்டியல்ல கற்பூரம் இல்லீங்களா மேடம்?"

"இல்ல."

"சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை நாங்கள் வீதிக்குப் போனபோது, கிணற்றுக்குப் பக்கத்தில் முகர்வி குறித்து வைத்த இடத்தைச் சுற்றி அறுபத்திரண்டு தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் வெற்றிலை, பழம், ஒரு முழுப் பொட்டலம் கற்பூரம். பெண்கள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்திருந்தார்கள்.

"என்ன அக்கா இது?"

"பூமியத் தோண்டறதுக்கு முன்னால பூமாதேவிக்கு ஒரு பூசைங்க. எங்க வீதி வழக்கம்."

"எப்ப இருந்து?"

"இன்னைக்கிருந்துங்க."

வக்கீல் குடையோடு ஓடி வந்தார். முகர்வியிடம் நேராகவே பேசினார். "இது மோசடி. இவர்கள் மண்ணில் கற்பூரத்தைக் கலக்கப் போகிறார்கள். உடனே நிறுத்த வேண்டும்."

"கற்பூரம் தடைப் பட்டியலில் இல்லை" என்றது முகர்வி. "தங்கள் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. ஆட்சேபத்திற்கு விளைவு இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும், களத்தில் இருக்கும் அலுவலர் ஒரு பொருளை அப்புறப்படுத்தச் சொல்லலாம். எனக்கு மிச்சம் இருந்த ஒரே அதிகாரம் அதுதான். ஒரு வார்த்தை சொன்னால் தட்டுகளை எடுத்துவிடுவார்கள். செங்கோடன் என் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணைக் கெடுக்க விடக் கூடாது என்று சம்பளம் வாங்குகிறவள் நான். மண் ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது. அதை உள்ளபடி சொல்லவைக்க இன்னும் கொஞ்சம் கெடுக்க வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கிணற்றைப் பார்த்தேன். சொம்பு மேடை மேலேயே இருந்தது.

மத விஷயத்தில் தலையிடுவது எனக்கு எப்போதும் பிடிக்காது. இருபதடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, லேபிள் எழுதினேன்.

அன்றைக்கு எடுத்த மண்ணை வெயிலில் பத்து நிமிஷம் வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் வைத்தேன். முகர்வி குழலை உள்ளே விட்டது.

"வீதி மண். இருநூற்று முப்பத்தாறு. சிவப்பு."

அறுபத்திரண்டு வீட்டுப் பட்டாவும் அவரவர் போனில் ஒரே நேரத்தில் சிவப்பாக மாறின. ஒரு வயசாளி பட்டாவை முத்தமிட்டார். தங்கள் மண் விஷம் என்று அரசாங்கம் சொன்னதற்கு ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. கற்பூரப் புகைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

சிவப்பு என்றால் இரண்டாம் கட்டம் தானாகத் தொடங்கும். அதற்கு மூலம் காணல் என்று பெயர். அப்போதுதான் முகர்வி மண்ணில் என்ன வாசம் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அது யாருடையது என்று தேடும். இதை நான் பூவாத்தா அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அதன் அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்குமே அந்தச் சந்தோஷத்தில் உறைக்கவில்லை. வக்கீலுக்கு உறைத்தது. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மெல்ல எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

நாற்பது நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. முகர்வி வாசித்தது:

"ஒப்பு மண்ணிலும் வீதி மண்ணிலும் பொதுவாகக் காணப்படும் அயற்பொருள் கற்பூரம். அதுவே முதன்மை மாசு. கற்பூரம் நீங்கலான கரைப்பான் வகைகள் நூற்று நாற்பது. இது அனுமதிக்கப்பட்ட மூன்று மடங்கிற்குள் அடங்கும். எனவே நிறுவனம் விடுவிக்கப்படுகிறது. ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் கற்பூரத்தை நெடுங்காலமாகத் தொடர்ந்து பயன்படுத்தி வரும் சட்ட நபர் ஒருவரே. பெயர், அருள்மிகு கருப்பராயன். தந்தை பெயர், பதிவில் இல்லை. வயது, பதிவில் இல்லை. சொத்து, பதினோரு ஏக்கர். மேற்படி நபர் பாதிக்கப்பட்ட அறுபத்திரண்டு குடும்பங்களுக்கும் நிலமும் நீரும் வழங்கக் கடவர்."

"சாமி மேல கேசுங்களா?" என்று செங்கோடன் என்னிடம் கேட்டார்.

"சட்டப்படி சாமியும் ஒரு ஆள்தான் அண்ணாச்சி. நிலம் அவர் பேர்லதான் இருக்கு. அவர் கேஸ் போடலாம். அவர் மேலயும் போடலாம்."

"தண்டன கருப்பராயனுக்குங்களா? கம்பெனிக்கில்லீங்களா?"

வக்கீல் என் கையைக் குலுக்கினார். "உங்களைப் போல முறைப்படி வேலை செய்கிறவர்களைப் பார்ப்பது அபூர்வம் மேடம்" என்றார். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் களக் குறிப்பு எழுத இடம் தருவார்கள். ஆட்சேபம் வேறு, களக் குறிப்பு வேறு. இதற்கு விளைவு உண்டு. அலுவலர் தன் கண்முன் நடந்த முறைகேட்டை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், வீதித் துளையின் எண் ரத்தாகி, போன வருஷத்து எண்ணே நிற்கும். ஒப்பு மண்ணின் எண்ணை மட்டும் அதுவும் தொடாது. நான் கிணற்று மேடையில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். பூவாத்தா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன எழுதறீங்க அம்மிணி?" மேடம் போய் அம்மிணி வந்திருந்தது.

"நடந்தத எழுதணும்லா. உங்க கற்பூரத்த நான் பார்த்துட்டும் தடுக்கலன்னு."

"எழுதுனா என்னாகும்?"

"நூத்தி நாப்பது நிக்கும். பச்சையாயிரும். கருப்பராயனுக்கு விடுதலை."

"கம்பெனி மாட்டுமா?"

"எழுதினாலும் மாட்டாது. எழுதலன்னாலும் மாட்டாது."

அவர் சொம்பை எடுத்து, அதில் கிடந்த தண்ணீரைக் கீழே ஊற்றினார். வாசம் எங்கள் இருவர் மேலும் அடித்தது.

"பூசாரி என்ற கொழுந்தனாருதான். அவருகிட்டப் பேசிட்டுத்தான் வந்தனுங்க. கருப்பராயன் எங்க கொலசாமி. கெணத்துத் தண்ணியக் குடிச்சுப் போட்டு நாங்க ஒவ்வொருத்தரா அவருகிட்டப் போயி அழுவறதுக்கு, நெலத்தக் குடுத்துட்டுப் போகட்டுமே. சாமி தாங்கிக்குவாருங்க. எங்களாலதான் இனி முடியாது."

பலகையில் குறிப்புக்கென்று விட்டிருந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையை எழுதினால் பொய் ஜெயிக்கும். பொய் எழுதினால் பாதி நியாயம் ஜெயிக்கும், அதுவும் தப்பான ஆள் செலவில். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் எனக்கு இந்தப் பாடம் நடத்தவில்லை.

'குறிப்பு ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய். கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது.

எட்டு மாசம் கழித்து, கருப்பராயன் நிலத்தில் அறுபத்திரண்டு வீடுகளுக்கு அஸ்திவாரம் எழும்பியது. குடிநீருக்கு போர் போடச் செங்கோடனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். போகிற வழியில் கம்பெனி வாசலில் புது பெயிண்ட் அடித்திருந்தது. 'சான்றளிக்கப்பட்ட தூய மண்' என்று பச்சையில் பெரிய பலகை. புகைபோக்கி பதினொன்றரை வருஷம் கழித்துப் புகைந்துகொண்டிருந்தது. காற்று நல்லவேளையாகப் புது வீடுகளை விட்டு எதிர்ப்பக்கமாக அடித்தது.

கையேட்டின் புதிய பதிப்பும் வந்துவிட்டது. தடைப் பட்டியலில் பதினாறாவதாகக் கற்பூரத்தைச் சேர்த்திருக்கிறார்கள். பனி உருக்கும் திரவம் அப்படியே இருக்கிறது. கருப்பராயன் தீர்ப்பில் கடைசியாக இன்னொரு வரி இருந்ததை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்ட சட்ட நபர் முப்பது வருஷத்துக்குத் தன் மாசுப் பொருளைத் தொடக் கூடாது. வேப்பமரத்தடியில் ஒரு முகர்வியை நிரந்தரமாக நட்டுவிட்டார்கள். அது கருப்பராயனையே பார்த்துக்கொண்டு நின்றது.

செங்கோடன் ரிக்குக்குக் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு பழக்கத்தில் சட்டைப் பைக்குக் கை போனது. வெறுங்கையாக வெளியே வந்தது. அந்தக் கையாலேயே பிட்டை இறக்கினார்.

முந்நூற்றைம்பது அடியில் தண்ணீர் வந்தது. முதலில் சேறாக, பிறகு கலங்கலாக, பிறகு தெளிவாக. எல்லோரும் கையில் ஏந்திக் குடிக்க ஓடினார்கள். பூவாத்தா அக்கா ஒரு குடம் பிடித்தார். குடிக்கவில்லை. குடத்துக்குள் முகத்தை விட்டு மோந்தார். நிமிர்ந்தார். திரும்பவும் மோந்தார்.

"ஒரு வாசமும் இல்லீங்க" என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கருப்பராயன்கிட்டப் போனார். கற்பூரம் காட்ட வழியில்லாததால் முழுக் குடத்தையும் அவர் காலில் ஊற்றினார். பின்னாலேயே மற்றவர்களும் வந்து நின்றார்கள். எல்லோர் கையிலும் தண்ணீர் இருந்தது, யாரிடமும் நெருப்பு இல்லை.

நான் வழக்கம்போல இருபதடி தள்ளிப் போகத் திரும்பினேன். பிறகு போகவில்லை. அவர் எங்கள் சாமி இல்லை. ஆனால் என் கையெழுத்தால் தண்டனை வாங்கியவர். ஈர மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வேப்பமரத்தடி முகர்வி என் பக்கம் குழலைத் திருப்பி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "தூயது" என்று பதிவு செய்துகொண்டது.